மொகிலா: குவித்த மண்ணா, தோண்டிய குழியா?

ஸ்லாவ் மொழிகளில் கல்லறைக்கும் புதைமேட்டுக்கும் பொதுவாக வழங்கும் ஒரு சொல்லைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: ரஷ்யா முதல் பல்கேரியா வரை கல்லறைக்கு ஒரே சொல்தான் என்று படித்தேன். சரியா?

சொல் ஒன்றுதான். பொருள்தான் ஊருக்கு ஊர் வேறு. ரஷ்யர் வாயில் அது ‘மகீலா’. முதல் உயிருக்கு அழுத்தம் இல்லாததால் ‘ஒ’ அங்கே ‘அ’ ஆகிவிடுகிறது. உக்ரைனியத்திலும் செக், ஸ்லோவாக் மொழிகளிலும் ‘மொஹிலா’, பெலாருஸில் ‘மஹிலா’, பல்கேரியாவிலும் மாசிடோனியாவிலும் ‘மொகிலா’. போலந்துக்காரர் ‘மொகீவா’ என்பார். எழுத்தில் ‘ல’ இனத்து எழுத்துதான் இருக்கிறது, அதன் ஒலி நாளடைவில் ‘வ’ பக்கம் சாய்ந்துவிட்டது. செர்பிய, குரோவாசிய, ஸ்லோவேனிய மொழிகளில் ‘கொமிலா’.

பொருளைப் பார்த்தால் ரஷ்யனுக்கு இது புதைகுழி. பல்கேரியனுக்கு மண்மேடு, உள்ளே பிணம் இருந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செக் மொழியில் பழங்காலப் புதைமேடு அல்லது நினைவு மேடு. உக்ரைனியத்தில் மேடு, கல்லறை இரண்டும். செர்பியனுக்கோ வெறும் குவியல், அல்லது ஆள்கூட்டம். ஆகவே ‘கல்லறைக்கு ஒரே சொல்’ என்பதைவிட ‘மண்ணைக் குவித்ததற்கு ஒரே சொல்’ என்று சொன்னால் எல்லா மொழிகளுக்கும் பொருந்தும். குவித்த இடத்தில் யாரைப் புதைத்தார்கள் என்பது பிறகு ஒட்டிக்கொண்ட பொருள்.

கேள்வி: சில மொழிகளில் ‘க’, சில மொழிகளில் ‘ஹ’. தமிழில் எப்படி எழுதுவது?

மூல ஸ்லாவ் மொழியில் அது கடினமான, அதிர்வுள்ள ‘க’. ‘அங்கே’ என்ற சொல்லில் நாம் ஒலிக்கும் ‘க’. செக், ஸ்லோவாக், உக்ரைனிய மொழிகளில் அது இளகி ‘ஹ’ ஆயிற்று. பெலாருஸில் இரண்டுக்கும் நடுவில் உரசலாக நிற்கிறது. ரஷ்ய, போலந்து, தெற்கு ஸ்லாவ் மொழிகளில் பழைய ஒலி அப்படியே தங்கிவிட்டது.

தமிழ் எழுத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. சொல்லின் நடுவில் ஒற்றைக் ககரத்தை ‘அகல்’, ‘பகல்’ என்பதுபோல் மெலிதாகத்தான் சொல்கிறோம். ‘மொகிலா’ என்று எழுதினால் பெலாருஸ் உச்சரிப்பு ஏறத்தாழத் தானே வந்துவிடும். செக், உக்ரைனியப் பெயர்களுக்கு மட்டும் ஹகரம் போட்டால் போதும்.

இரண்டாம் உயிர்தான் நழுவும். மூல வடிவத்தில் அது ‘இ’ அல்ல. நம் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒலி. இதழ் குவியாமல், நாக்கைப் பின்னிழுத்துச் சொல்வது. ரஷ்யத்திலும் போலந்து மொழியிலும் ‘க’வுக்குப் பின்னால் அது ‘இ’யாக மாறிவிட்டது. செக் எழுத்தில் பழைய உயிரின் குறி இன்னும் இருக்கிறது, ஒலி மட்டும் ‘இ’ ஆகிவிட்டது. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘இ’ போடுவதே நடைமுறைக்கு உகந்தது.

கேள்வி: செர்பிய ‘கொமிலா’ இதே சொல்தானா? எழுத்து தலைகீழாக இருக்கிறதே?

இதே சொல்தான். ‘ம’வும் ‘க’வும் இடம் மாறிக்கொண்டன. தசை சதை ஆனதையும் சிவிறி விசிறி ஆனதையும் நம் இலக்கணத்தில் இலக்கணப்போலி என்று படித்திருப்பீர்கள்; அதே கூத்துதான்.

பொருளும் கூடவே நகர்ந்தது. செர்பியத்தில் ‘கொமிலா லியூதி’ என்றால் ஆள்கூட்டம். ‘கொமிலாத்தி’ என்றால் குவித்துக்கொண்டே போவது. தமிழில் ‘கும்பல்’ என்ற சொல்லுக்கும் குவியல், கூட்டம் என்று இரு பொருளும் இருப்பதை நினைத்துப் பார்த்தால் இது வினோதமாகத் தெரியாது. ரஷ்யம் மட்டும் தெரிந்தவர் செர்பியச் செய்தித்தாளில் சதுக்கத்தில் ஒரு கொமிலா கூடியது என்று படித்தால் திடுக்கிடுவார்.

ஆனால் தொல்லியல் கட்டுரையில் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. குரோவாசியாவின் தல்மாத்தியக் கரையோரம் மண் குறைவு, கல் நிறைய. அங்கே இறந்தவர் மேல் கற்களைக் குவித்தார்கள். அந்தக் கற்குவியல்களுக்கும் ‘கொமிலா’ என்றே பெயர். ஸ்லோவேனியத்திலும் புதைமேட்டுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: இந்தச் சொல் மேட்டைத்தான் குறித்தது என்பதற்குப் பழைய சான்று உண்டா?

கீவ் நகரத்துப் பழைய நாளாகமத்தில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் படித்தால் சந்தேகம் தீரும்.

முதலாவது 912-ஆம் ஆண்டுக் குறிப்பு. கீவை ஆண்ட ஒலெக் இளவரசனை ஷெகவித்ஸா குன்றில் அடக்கம் செய்தார்கள். அவனுடைய மொகிலா இன்றுவரை இருக்கிறது, அதை ஒலெக்கின் மொகிலா என்றே அழைக்கிறார்கள் என்கிறது. எழுதியவர் காலத்தில், சுமார் 200 ஆண்டுகள் கழித்தும், சுட்டிக்காட்டும்படி ஒன்று நிலத்துக்கு மேல் நின்றிருக்கிறது. குழியை அப்படிச் சுட்டிக்காட்ட முடியாது.

இரண்டாவது இன்னும் துல்லியம். 945-ஆம் ஆண்டு. த்ரெவ்லியர்கள் என்ற ஸ்லாவ் குலத்தார் கீவின் இளவரசன் இகோரைக் கொன்றுவிட்டார்கள். அவன் மனைவி ஒல்கா, கணவனின் ‘கிரோப்’ மேல் அழவேண்டும், தேன்மது காய்ச்சி வையுங்கள் என்று சொல்லியனுப்புகிறாள். வந்து சேர்ந்து, அந்தக் கிரோபின் அருகே நின்று அழுகிறாள். பிறகு தன் ஆட்களிடம் ‘பெரிய மொகிலா ஒன்றைக் கொட்டுங்கள்’ என்று கட்டளையிடுகிறாள். கொட்டி முடிந்ததும் ஈமவிருந்து. விருந்தில் போதையேறிய த்ரெவ்லியர்களுக்கு நேர்ந்த கதி வேறு கதை.

வினையைக் கவனியுங்கள். மண்ணை, தானியத்தைக் கொட்டிக் குவிப்பதற்கு வரும் வினை அது. தோண்டுவதற்கு வரும் வினை அல்ல. ஒரே பத்தியில் இரண்டு சொல், இரண்டு பொருள். அவன் கிடக்கும் இடம் கிரோப். அதன்மேல் எழுப்பியது மொகிலா.

பின்னர் எப்படிக் கலந்தது? கீவைத் தலைநகராகக் கொண்ட பழைய அரசான கீவ் ரூஸ் 988-இல் கிறித்துவத்தை ஏற்றது. பெரிய மேடு எழுப்பும் வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. நாட்டுப்புறத்தில் 12, 13-ஆம் நூற்றாண்டு வரை சிறு மேடுகள் தொடர்ந்தன. மெல்ல மேடு சிறுத்து, குழியை மூடிய மண் கொஞ்சம் புடைத்து நிற்குமே, அந்த அளவுக்கு வந்தது. சொல்லை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதனால்தான் இன்றைய ரஷ்யத்தில் மகீலாவைத் ‘தோண்டுகிறார்கள்’. குவித்ததன் பெயரைக் குழிக்கு வைத்துவிட்டு அதையே தோண்டுவது சொற்களின் வாழ்க்கையில் சாதாரணம்.

கேள்வி: அப்படியானால் ரஷ்ய ‘கிரோப்’ என்பது சவப்பெட்டி என்று அகராதி சொல்கிறதே?

இன்றைய ரஷ்யத்தில் சவப்பெட்டிதான். மற்ற இடங்களில் பெரும்பாலும் புதைகுழி: பல்கேரிய, செர்பிய, ஸ்லோவேனிய மொழிகளில் கிரோப், போலந்தில் க்ரூப், செக்கில் ஹ்ரொப். தோண்டுதல், வாருதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்தது. ஜெர்மன் ‘கிராப்’, ஆங்கில ‘கிரேவ்’ இரண்டும் இதற்கு உறவு. கடன் வாங்கியவை அல்ல, ஒரே தாய்வழி.

ரஷ்யத்தில் பழைய பொருள் தேவாலய மொழியில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. எருசலேமில் கிறிஸ்துவின் கல்லறையை ‘கிரோப் கஸ்போதென்’ என்பார்கள். அதை ‘ஆண்டவரின் சவப்பெட்டி’ என்று பெயர்த்தால் அபத்தம். உயிர்ப்புப் பெருநாள் பாட்டில் ‘கிரோபுகளில் இருப்போருக்கு வாழ்வளித்தார்’ என்று வருவதும் கல்லறைகள்தான்.

பிழை எதிர்த்திசையிலும் வரும். ரஷ்யத்தில் நான்கு பேர் ‘கிரோப்’ தூக்கிப் போனார்கள் என்றால் பெட்டி. அதைப் பல்கேரியத்துக்குக் கொண்டுபோகிறவர் சொல்லை அப்படியே விட்டால் நான்கு பேர் புதைகுழியைத் தூக்கிப் போவார்கள். பல்கேரியத்தில் பெட்டிக்குக் ‘கொவ்செக்’, போலந்தில் ‘த்ரும்னா’, உக்ரைனியத்தில் ‘த்ருனா’ அல்லது ‘தொமொவினா’, செக்கில் ‘ரகெவ்’. பெட்டிக்குப் பொதுச்சொல் இல்லை என்பதை நினைவில் வைத்தால் பாதி விபத்து தவிர்க்கலாம்.

கேள்வி: உக்ரைனியக் கவிதையில் ‘என்னை மொஹிலா மேல் புதையுங்கள்’ என்று வருகிறது. கல்லறை மேல் எப்படிப் புதைப்பது?

நீங்கள் சொல்வது தராஸ் ஷெவ்சென்கோ 1845-இல் எழுதிய ‘விருப்ப ஆவணம்’ என்ற கவிதை. இடறியது நல்லதுதான், இடறாமல் ‘கல்லறையில்’ என்று திருத்திப் படித்துவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

அங்கே வரும் முன்னுருபு ‘நா’. அதற்கு ‘மேல்’ என்று பொருள். ‘உள்ளே’ என்றால் வேறு உருபு வந்திருக்கும். பரந்த புல்வெளியின் நடுவே, வயல்களும் தினீப்பர் ஆறும் அதன் செங்குத்துக் கரைகளும் கண்ணில் படவேண்டும், ஆற்றின் முழக்கம் காதில் விழவேண்டும் என்று அடுத்த வரிகள் கேட்கின்றன. தட்டையான புல்வெளியில் இதற்கு உயரம் வேண்டும். அந்த வெளியில் உயரம் என்றால் பழைய புதைமேடுகள்தான். அவற்றுக்கு உக்ரைனியத்தில் மொஹிலா என்றே பெயர். ஆகவே ‘மேட்டின் உச்சியில்’ என்பதே பொருள். தமிழில் ‘முதுமேட்டின்மேல்’ அல்லது ‘புதைமேட்டு உச்சியில்’ என்றால் சரியாக இருக்கும். ‘சமாதி’ வேண்டாம், கட்டடத்தை நினைவூட்டும். ‘கல்லறை’ என்றால் கல் வந்துவிடும். அங்கே கல்லே இல்லை.

1861-இல் அவர் பீட்டர்ஸ்பர்க்கில் இறந்து அங்கேயே முதலில் அடக்கமானார். அதே ஆண்டு மே மாதம் உடலைக் கானிவ் ஊருக்குக் கொண்டுவந்து, தினீப்பரைப் பார்த்தபடி நிற்கும் குன்றில் மறுபடி புதைத்து, மேலே மண்ணைக் குவித்தார்கள்.

அவருடைய 1843-ஆம் ஆண்டுக் கவிதை ஒன்றின் தலைப்பு ‘ரொஸ்ரிதா மொஹிலா’. ‘தோண்டிய கல்லறை’ என்று பெயர்த்தால் யாரோ நேற்றுப் பிணம் திருடியதுபோல் இருக்கும். அங்கே கிளறப்பட்டது புல்வெளியின் முதுமேடு, அதனூடே ஒரு மக்களின் நினைவு. ‘கிளறிய மேடு’ பரவாயில்லை.

சந்தேகம் வந்தால் மூன்றைப் பாருங்கள். முதலில் மொழி எது என்று. அடுத்து வினை: கொட்டுகிறார்களா, தோண்டுகிறார்களா. கடைசியாக உருபு: மேலா, உள்ளேயா. மூன்றும் ஒரே பக்கம் காட்டினால் துணிந்து எழுதலாம். வினை மட்டும் தனியாக நின்றால் நம்பவேண்டாம். தோண்டுவது தொல்லியலாளராகவும் இருக்கக்கூடும்.

கேள்வி: பல்கேரிய வரைபடத்தில் எங்கு பார்த்தாலும் மொகிலா. அத்தனையும் கல்லறையா?

இல்லை. பல்கேரியர் இதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முன்னால் ‘நத்கிரோப்னா’ என்ற அடைமொழி வந்தால் கிரோபுக்கு மேலே எழுப்பியது, அதாவது புதைமேடு. ‘செலிஷ்ட்னா’ வந்தால் குடியிருப்பு மேடு: மண்வீடு இடிய, அதன்மேல் மறுவீடு கட்ட, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அடுக்கடுக்காக உயர்ந்தது. கரனோவோ இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. அங்கே தோண்டினால் அடுப்பும் பானையும் தரையும்தான் முதலில் வரும். அடைமொழியே இல்லாவிட்டால் வெறும் குன்றாகவும் இருக்கலாம்.

உள்ளே கல்லால் கட்டிய அறை இருந்தால் அதற்குக் ‘கிரோப்னித்ஸா’ என்று பெயர். ஸ்வெஷ்தாரி ஊரில் கினினா மொகிலாவை 1982-இல் திறந்தபோது உள்ளே திரேசியர் என்ற பண்டைய பால்கன் மக்களின் கல்லறை ஒன்று கிடைத்தது. சுவரைச் சுற்றிப் பத்துப் பெண்ணுருவங்கள் கைகளை உயர்த்தி நிற்கின்றன. 1985-இல் அது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே மொகிலா என்பது வெளியே தெரியும் மேடு, கிரோப்னித்ஸா உள்ளே இருக்கும் கல்லறை. இரண்டையும் ‘கல்லறை’ என்றே எழுதினால் ‘கல்லறைக்குள் கல்லறை’ என்று வாசகர் குழம்புவார்.

கேள்வி: இவ்வளவு பெரிய மேட்டில் ஒருவர்தான் இருப்பாரா? எவ்வளவு மண் தேவைப்படும்?

ஒருவர் மட்டும் இருப்பது அரிது. புல்வெளி மேடுகளில் பலவற்றைத் தொடங்கியவர்கள் பொது யுகத்துக்கு முன் மூன்றாம், நான்காம் ஆயிரத்தாண்டுகளின் மேய்ச்சல் மக்கள். பின்வந்தவர்கள் அதே மேட்டின் சரிவில் குழி வெட்டித் தங்கள் இறந்தவரை வைத்து, மேலே இன்னும் மண்ணைக் கொட்டி உயர்த்தினார்கள். ஸ்லாவ் மக்கள் அந்த வெளிக்கு வந்தபோது மேடுகள் முன்பே அங்கே நின்றன. பெயர் மட்டும்தான் அவர்கள் வைத்தது.

அளவுக்கு உக்ரைனின் தொவ்ஸ்தா மொஹிலாவை எடுத்துக்கொள்வோம். ‘தடித்த மேடு’ என்று பெயர், புல்வெளியின் பண்டைய நாடோடிகளான சித்தியர் காலத்தது. உயரம் 8.6 மீட்டர், அடிவிட்டம் சுமார் 60 மீட்டர். கூம்பாகக் கணக்கிட்டால் 8,000 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். கன மீட்டருக்கு 1.6 டன் என்று வைத்தால் ஏறத்தாழ 13,000 டன் மண். சுற்றிலுமிருந்து வெட்டி எடுப்பதால் மேட்டைச் சுற்றி வளையமாக ஒரு பள்ளம் விழும். மேடு உழவில் கரைந்து போனாலும் அந்தப் பள்ளத்தில் படிந்த கருமண் வானிலிருந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும். கலப்பை ஆண்டுதோறும் உச்சியைச் சீவி ஓரத்தில் தள்ளும். உயரம் குறையும், விட்டம் கூடும். இன்று அளக்கும் அகலத்தைக் கட்டியவர்களின் அளவாக எடுத்துக்கொள்வது தவறு.

கொள்ளையர்கள் நடு அறையைக் குறிவைத்தே சுரங்கம் தோண்டுவார்கள். தொவ்ஸ்தா மொஹிலாவிலும் நடு அறை பழங்காலத்திலேயே சூறையாடப்பட்டிருந்தது. ஆனால் அதற்குப் போகும் நடைவழியைச் சரியாகத் துழாவவில்லை. 1971-இல் தொல்லியலாளர் பொரிஸ் மொசொலெவ்ஸ்கி அங்கேதான் தங்க மார்பணியைக் கண்டெடுத்தார்: 30.6 சென்டிமீட்டர் அகலம், 1,150 கிராம் எடை. மேல் வரிசையில் மனிதரும் மாடும் ஆடும், நடுவில் பூங்கொடி, கீழே சிறகுள்ள விலங்குகள் குதிரையைக் கிழிக்கும் காட்சி. பக்கவாட்டில் இருந்த இன்னொரு அறையில் ஒரு பெண்ணும் குழந்தையும் யாரும் தொடாமல் அப்படியே கிடந்தார்கள்.

கேள்வி: ‘குர்கான்’ என்பதும் இதுதானே?

பொருள் அதுதான், சொல் துருக்கியக் கடன். ரஷ்யத்தில் மகீலா சாதாரணக் கல்லறையாகச் சுருங்கியதும் பெரிய மேட்டுக்குக் குர்கான் வந்து உட்கார்ந்துகொண்டது. போலந்தில் நினைவு மேட்டுக்குக் ‘கொப்பியெட்ஸ்’ என்ற தனிச்சொல் உண்டு. 1820 முதல் 1823 வரை கிராக்கோவில் போலந்தின் விடுதலை வீரர் கொஸ்சியூஷ்கோவுக்காக எழுப்பிய மேடு அந்தப் பெயரைத்தான் தாங்குகிறது. வேடிக்கை என்னவென்றால் அது ‘தோண்டு’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல்.

கேள்வி: கீவில் ‘மொஹிலா’ பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறதே. கல்லறைப் பல்கலைக்கழகமா?

ஆள் பெயர். பெத்ரோ மொஹிலா, 17-ஆம் நூற்றாண்டில் கீவின் பேராயர். மோல்தாவியாவை ஆண்ட மொவிலா குடும்பத்துப் பிள்ளை. ருமேனிய மொழியில் ‘மொவிலா’ என்றால் மேடு. ஸ்லாவ் மொகிலாவைத்தான் ருமேனியர் அப்படி வாங்கினார்கள். அவர் கீவுக்கு வந்ததும் சொல் மறுபடி தாய்வீட்டு உச்சரிப்புக்குத் திரும்பிவிட்டது. பெயரைப் பொருள் பெயர்க்கக் கூடாது.

ஊர்ப் பெயர்களில் கிராக்கோவின் மொகீவா பகுதியைச் சொல்லலாம். அங்கே நிற்கும் 14 மீட்டர் உயர மேட்டை இளவரசி வாண்டாவின் புதைமேடு என்பது மரபு. பக்கத்தில் 13-ஆம் நூற்றாண்டில் குடியேறிய சிஸ்டெர்சியத் துறவிகள் தங்கள் மடத்துக்கு லத்தீனில் ‘க்ளாரா தும்பா’ என்று பெயர் வைத்தார்கள். ‘ஒளிமிக்க கல்லறை’ என்று பொருள். மேட்டைக் கல்லறையாகப் பெயர்த்தது அந்தத் துறவிகள் காலத்திலேயே தொடங்கிவிட்டது.

கேள்வி: வேர் என்ன?

ஒத்துக்கொண்ட விடை இல்லை. ‘வல்லமை’யைக் குறிக்கும் ‘மொக்’ வேரோடு சேர்ப்பார் உண்டு. ருமேனிய ‘மகுரா’, அல்பேனிய ‘மகுலா’ ஆகிய குன்றுச் சொற்களோடு இணைத்து, பால்கன் பகுதியின் பழைய மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பார் உண்டு. இரண்டாவது கட்சி பொருளளவில் வலுவானது: அங்கும் குன்று, இங்கும் மேடு. ஒலிமாற்றங்கள்தான் ஒழுங்காகப் பொருந்த மறுக்கின்றன.

கேள்வி: இடுகாட்டுக்கும் பொதுச்சொல் உண்டா?

இல்லை. ரஷ்யத்தில் ‘கிளாத்பிஷ்ச்செ’, போலந்தில் லத்தீன் வழி வந்த ‘ஸ்மெந்தாஷ்’, செக்கில் ஜெர்மனிலிருந்து உருமாறி வந்த ‘ஹ்ர்ஷ்பிதொவ்’, செர்பியத்தில் ‘கிரோப்லியெ’. ஆளுக்கொரு வழி.

கேள்வி: ‘வாயே திறக்கமாட்டேன்’ என்பதற்கு ரஷ்யர்கள் ‘மகீலா!’ என்று மட்டும் சொல்கிறார்கள். போலந்திலும் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. ரஷ்யர் ‘மகீலாவைப்போல் மௌனம்’ என்பார். அதைச் சுருக்கித்தான் ஒற்றைச் சொல்லாக வீசுகிறார்கள். போலந்திலும் செக்கிலும் இதே மரபுத்தொடரில் க்ரூப், ஹ்ரொப் வரும். போலந்து நண்பரிடம் ‘மொகீவா!’ என்றால் யாருக்கோ மண்மேடு எழும்பிவிட்டது என்று நினைத்து, யாருக்கு என்று கேட்பார்.